முழந்தாளில் நிற்க வேண்டிய முழங்கால்: ஒரு ஏ.சி.எல். நிகழ்வு ஆய்வு

தசையை எலும்போடு கட்டும் நார்களில் எதை எடுத்து, முழங்காலில் எலும்பை எலும்போடு கட்டும் புது இணையம் செய்வது என்று சத்திர சிகிச்சை நிபுணர் விளக்கி முடித்ததும் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி பந்தைப் பற்றியது இல்லை. "டொக்டர், பிறகு முழந்தாளிலை நிக்கேலுமோ?" என்றார். நிபுணர் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை அவர் பக்கம் திருப்பினார். அந்தக் கேள்வியோடு சிகிச்சைத் திட்டமே மாறியது.

நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். இந்தத் தம்பியைச் சத்திர சிகிச்சைக்கு முன்பிருந்தும், அதற்குப் பிறகு 14 மாதமும் பார்த்து வருகிறேன். அவருடைய சம்மதத்தோடும், ஆளை அடையாளம் காணாதபடியும் இதை எழுதுகிறேன். ஏ.சி.எல். என்பது முழங்கால் மூட்டின் நடுவில், கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு வழுக்காமல் பிடிக்கும் இணையம். அது அறுந்தவர்களும் அவர்களின் வீட்டாரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த ஒப்பரேசன் திறம்? அதற்கு ஒரே பதில் கிடையாது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இந்த ஆள் விடிந்தால் பொழுதுபட்டால் என்ன செய்யப்போகிறார் என்று முதலில் கேட்கவேண்டும். நாரின் பலம் அதற்குப் பிறகு வருகிற கணக்கு.

நடந்தது

வயது 23. உயரம் 163 சென்ரிமீற்றர், எடை 56 கிலோ. கரையோரக் கிராமம், கடற்றொழில் குடும்பம். குருநகர், பாசையூர், நாவாந்துறை, மயிலிட்டி என்று எந்தக் கரையோர ஊரை எடுத்தாலும் அங்கே உதைபந்தாட்டம் இல்லாத பின்னேரம் இல்லை. இவரும் விடிய வலையிலிருந்து மீன் தெரிந்தெடுத்துவிட்டுப் பின்னேரம் மைதானத்துக்குப் போகிறவர். ஒரு ஆட்டத்தில் தலையால் அடிக்க எழும்பி, வலது காலில் தனியாக இறங்கியிருக்கிறார். பாதம் நிலத்தில் ஊன்றியபடி நிற்க உடம்பு மட்டும் திரும்பியது. "டக்" என்ற சத்தம் தனக்குக் கேட்டதாகச் சொன்னார். யாரும் மோதவில்லை. ஏ.சி.எல். அறுவதில் பெரும்பங்கு இப்படித்தான், ஆள் தொடாமலே நடக்கிறது.

இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. அடிபட்ட முழங்கால் அதே நாளில், சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இரத்தம் கட்டிய முழங்கால்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏ.சி.எல். அறுந்திருக்கும். அடுத்தநாள் காலை மெல்ல மெல்ல வருகிற வீக்கம் வேறு வகை.

அன்றிரவே ஓரிடத்தில் எக்ஸ்றே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, மாத்திரை தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்றேயில் இணையம் தெரியாது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "முறியவில்லை" என்ற சொல் வீட்டில் "ஒன்றுமில்லை" என்றாகிவிட்டது. பிறகு தாயார் ஒரு முறிவு தறிவு வைத்தியரிடம் கூட்டிப்போனார். எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, சிம்பு வைத்து மூன்று கிழமை கட்டியிருந்தார்கள். அந்த வைத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் எத்தனையோ முறிந்த கைகளை அது பொருத்தியிருக்கிறது. ஆனால் இணையம் அறுந்த முழங்காலை மூன்று கிழமை அசையாமல் கட்டினால் முன்தொடைத் தசை உருகிவிடும். கட்டு அவிழ்த்தபோது இவருக்கு நடந்ததும் அதுதான்.

வீக்கம் வற்றியது, நோவும் குறைந்தது, நேர் பாதையில் நடக்க முடிந்தது. சரி, சுகம் என்று நினைத்துத் தொழிலுக்குப் போனார். அடிபட்டு ஒன்பதாவது கிழமை, படகிலிருந்து இடுப்பளவு தண்ணீருக்குள் குதித்த இடத்தில் முழங்கால் உள்ளே வழுக்கி விலகியது. இந்தமுறை கால் மடிந்தபடியே பூட்டிக்கொண்டது. நிமிர்த்த முடியவில்லை.

அப்படி மடித்த காலோடுதான், அண்ணனின் தோளில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

கையும் ஸ்கானும் சொன்னவை

முழங்காலை 20 அல்லது 30 பாகை மடித்து, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மற்றக் கையால் கீழ்க்கால் எலும்பை முன்னுக்கு இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு லக்மன் சோதனை என்று பெயர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் லக்மன் தன் மாணவர்களுக்குக் கற்பித்தது. 1976இல் அது கட்டுரையாக வெளிவந்தது. நல்ல முழங்காலில் இழுத்தால் எலும்பு கொஞ்சம் வரும், பிறகு கயிறு இறுகினதுபோல ஓரிடத்தில் பிடிக்கும். இவருடைய இடது காலில் அந்தப் பிடி கைக்கு வடிவாகத் தெரிந்தது. வலதில் எலும்பு வந்துகொண்டே இருந்தது, பிடிக்கவே இல்லை. இந்த வித்தியாசத்தை விரல் ஒருதரம் உணர்ந்துவிட்டால் மறக்காது. ஏ.சி.எல். அறுந்ததைச் சொல்ல எங்கள் ஊரில் இதைவிட மலிவான, கெதியான கருவி கிடையாது. அதனால்தான், வீங்கிய முழங்காலோடு வருகிற ஒவ்வொருவருக்கும் எக்ஸ்றேக்குப் பிறகு யாராவது ஒருவர் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். முதல் நாளில் வீக்கமும் நோவும் இருந்து சோதிக்க முடியாவிட்டால் பத்து நாள் கழித்துத் திரும்ப வரச்சொன்னால் போதும். இந்தத் தம்பிக்கு அது நடந்திருந்தால் ஒன்பது கிழமை மிச்சமாகியிருக்கும். உள்ளே இருந்த இன்னொன்றும் தப்பியிருக்கலாம்.

அந்த இன்னொன்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஏ.சி.எல். முழுவதாக அறுந்திருந்தது. அத்தோடு உட்பக்க மெனிஸ்கஸ், அதாவது இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல் இருக்கும் பிறைவடிவக் கசியிழையம், நீளவாட்டில் கிழிந்து, கிழிந்த பகுதி வாளியின் கைபிடிபோல் புரண்டு மூட்டின் நடுவில் சிக்கியிருந்தது. கால் பூட்டியதற்குக் காரணம் அதுதான். இப்படிப் பூட்டிய காலை யாரும் அமர்த்தி நிமிர்த்தப் பார்க்கக்கூடாது.

மூட்டுக்கு வெளியே, முழங்காலின் உட்பக்கத்தில் இருக்கும் இணையம் அறுந்தால் பெரும்பாலும் தானாகவே பொருந்திவிடும். ஏ.சி.எல். அப்படியில்லை. அது மூட்டுத் திரவத்துக்குள் கிடக்கிறது. அறுந்த இரண்டு நுனிக்கும் நடுவில் இரத்தம் உறைந்து பாலம் கட்ட அந்தத் திரவம் விடாது. தனியே இருக்கும் நுனிகள் நாளடைவில் சுருங்கிப் போகும். சனம் "சவ்வு கிழிந்தால் தைக்கலாம்தானே" என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் பதில் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது.

தைப்பதா, மாற்றுவதா

தைத்தும் பார்த்தார்கள். 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ றொப்சன் என்ற சத்திர சிகிச்சையாளர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த இணையங்களைத் தைத்தார். அந்த மனிதர் திரும்ப வேலைக்குப் போனார் என்று பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் தையல்தான் வழமையாக இருந்தது. 1976இல் அமெரிக்க இராணுவக் கல்லூரி மாணவர்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து எழுதிய கட்டுரையில் தைத்த முழங்கால்களில் பெரும்பாலானவை மோசமாக இருந்தன. அதோடு தையல் பின்தங்கி, வேறிடத்து நாரை எடுத்துப் புதிதாகச் செய்யும் முறை முன்னுக்கு வந்தது. 1980களில் கோர்-டெக்ஸ் போன்ற செயற்கை நார்களும் வந்தன. அவை தேய்ந்து, அறுந்து, மூட்டை அழற்ற, அந்த வழியும் கைவிடப்பட்டது.

இப்போது தையல் புதுவடிவில் திரும்பியிருக்கிறது. பொஸ்டனில் மார்த்தா மறே உருவாக்கிய முறையில், அறுந்த நுனிகளுக்கு நடுவில் கொலாஜனால் செய்த பஞ்சு போன்ற ஒன்றை வைத்து, நோயாளியின் இரத்தத்தில் அதை நனைத்துத் தைக்கிறார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் காயம் நடந்து 50 நாட்களுக்குள் செய்யவேண்டும் என்பது அப்போது அந்த அனுமதியில் இருந்த நிபந்தனை. எங்கள் தம்பி வந்தது 60 நாள் தாண்டி. அது எட்டாத ஊரில் இருந்தது மட்டுமல்ல, நாளும் கடந்துவிட்டது. ஆகவே அவருக்குத் தையல் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

இறந்தவரிடமிருந்து பெற்ற நாரும் ஒரு வழிதான். இளவயதில், பந்து விளையாடுகிறவர்களுக்கு, சொந்த நாரைவிட அது கூடுதலாக அறுகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரிந்த விடயம். அதையும் விட்டோம்.

மிஞ்சியவை மூன்று: முழங்காற் சிரட்டைக்குக் கீழே இருக்கும் நார், பின்தொடை நார், சிரட்டைக்கு மேலே இருக்கும் முன்தொடை நார்.

மூன்று நாரும் ஒரு கேள்வியும்

முதலாவதை எடுக்கும்போது நாரின் நடுப்பகுதியில் 10 மில்லிமீற்றர் அகலத் துண்டோடு, இரு நுனியிலும் எலும்புத் துண்டையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். 1963இல் கெனத் ஜோன்ஸ் சிரட்டை நாரைக்கொண்டு செய்த சத்திர சிகிச்சையிலிருந்து வளர்ந்த முறை. பலம் என்னவென்றால், தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளைத்த குழாய்க்குள் எலும்பு எலும்போடு பொருந்துகிறது. அதற்கு ஏறத்தாழ ஆறு கிழமை போதும். நார் மட்டும் எலும்போடு ஒட்டுவதற்கு எட்டுமுதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும். விளையாட்டு வீரர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லும் சத்திர சிகிச்சையாளர்கள் நிறைய. எங்கள் நிபுணரும் முதலில் இதைத்தான் நினைத்திருந்தார். 23 வயது, உதைபந்து, சரிதான்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

சிரட்டைக்குக் கீழே வெட்டிய இடமும் எலும்பு எடுத்த இடமும், முழந்தாளிட்டால் நேரே நிலத்தில் அழுந்தும் இடங்கள். இந்த முறையில் செய்தவர்களுக்கு முன்முழங்கால் நோவும் முழந்தாளிட முடியாமையும் மற்ற நார்களைவிடக் கூடுதல் என்பதில் ஆய்வுகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முழந்தாள் என்றால் பலருக்கு வருடத்தில் சிலநாள் செய்கிற காரியம். இவருக்கு அப்படியா? ஞாயிறு பூசை, வீட்டில் இரவுச் செபமாலை, தவக்காலத்தில் சிலுவைப்பாதை. படகுக்குள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதும் முழந்தாளில். பலகையில் ஒரு முழந்தாளை ஊன்றித்தான் வலை இழுக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளில் எத்தனை தரம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கும் காரணம் இருந்தது. அவருடைய கழகத்தின் பழைய கோல் காப்பாளருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் வேறிடத்தில் சிரட்டை நாரால் செய்திருந்தார்கள். அவரையும் நான் பார்த்திருக்கிறேன். அருமையான வேலை. லக்மன் சோதனையில் கயிறு இறுகினதுபோல் பிடிக்கிறது. இரண்டு ஆண்டு திரும்ப விளையாடினார், ஒருதரமும் வழுக்கவில்லை. ஆனால் கோவிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவர் வாங்கில் இருந்தபடியே தலையைக் குனிகிறார். சீமெந்து நிலத்தில் ஒரு நிமிடம்கூட அவரால் முடியவில்லை. சத்திர சிகிச்சையில் பிழை எதுவும் இல்லை. சிகிச்சைக்கு முன்னால் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான். வாங்கில் இருக்கிற அந்த அண்ணனைத்தான் இந்தத் தம்பி ஞாயிறுதோறும் பார்த்துவந்தார்.

சரி, சிரட்டை நாரை விட்டால் அறுகிற ஆபத்துக் கூடுமா? 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்து 47,613 பேரின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். சிரட்டை நாரில் அறுந்தது 2.80 சதவீதம், பின்தொடை நாரில் 2.84 சதவீதம். மற்றக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் சிரட்டை நார் கொஞ்சம் மேல், ஆனால் வித்தியாசம் சிறியது. இந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் கூடாது. 25 வயதுக்குக் கீழே, திரும்ப விளையாடப் போகிறவர்களை மட்டும் எடுத்தால் கதை வேறு. அந்த வயதில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ திரும்ப ஏ.சி.எல். அறுகிறது.

பின்தொடை நார் என்றால் முழங்காலின் உட்பக்கத்தில் இருந்து இரண்டு நீண்ட, மெல்லிய நார்களை உருவி எடுத்து, மடித்து நாலு புரியாக்குவது. முழந்தாளில் நிற்க அவ்வளவு தடை இல்லை. குறைகள் இரண்டு. ஒன்று, எவ்வளவு தடிப்பாக வரும் என்று வெட்டும்வரை முழுதாகச் சொல்ல முடியாது. 8 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அறுவது கூடுகிறது. உயரமும் எடையும் குறைந்த எங்கள் ஆட்களில் மெல்லிய நார் அபூர்வமில்லை. இரண்டு, முழங்காலை ஆழமாக மடித்து இழுக்கிற பலம் குறைகிறது. குதிக்காலைப் பிட்டத்துக்குக் கொண்டுபோகிற கடைசிப் பகுதியில்தான் அது தெரியும்.

முன்தொடை நார் தடிப்பானது, அளவை முன்கூட்டியே சொல்லலாம், முழந்தாளில் நோவும் குறைவு. முன்தொடைத் தசையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் பாடு. டென்மார்க்கின் பதிவேட்டில் தொடக்கத்தில் இந்த நார் கூடுதலாகத் தோற்றதாகத் தெரிந்தது. பிறகு பார்த்தபோது, குறைவாகச் செய்கிற இடங்களில்தான் அந்தத் தோல்வி சேர்ந்திருந்தது. எனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: நல்ல நார் எது என்பதில் பாதி, அந்தச் சத்திர சிகிச்சையாளரின் கை எதில் பழகியிருக்கிறது என்பது. எங்கள் நிபுணர் முன்தொடை நாரில் தான் அதிகம் செய்ததில்லை என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

முடிவு பின்தொடை நார் என்றாகியது. அத்தோடு ஒரு சேர்க்கை. 2020இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 14 முதல் 25 வயதுவரையான 618 பேரைப் பிரித்து, பாதிப்பேருக்குப் பின்தொடை நார் மட்டும், மற்றப் பாதிக்கு அத்தோடு முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு பட்டியையும் இறுக்கிக் கட்டினார்கள். இரண்டு ஆண்டில் நார் அறுந்தது முதற்பிரிவில் 11 சதவீதம், இரண்டாவதில் 4 சதவீதம். தொடையின் வெளிப்பக்கத்து உறையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் அகலப் பட்டியை எடுத்து, வெளி இணையத்துக்குக் கீழாக விட்டுத் தொடையெலும்பில் பதிப்பார்கள். முழங்கால் முறுகித் திரும்புவதை அது தடுக்கும். வயதும் விளையாட்டும் கையால் உணர்ந்த தளர்வும் பார்த்தால் இவர் அந்த ஆய்வின் வாசலுக்குள் வருகிறவர். ஆடுகிற படகில் நிற்கிறவருக்கு முறுகாத முழங்கால் பந்துக்கும் மேலே தேவை என்பது நான் சேர்த்துச் சொன்ன காரணம்.

சத்திர சிகிச்சையே வேண்டாமா

இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. நான் பார்க்கிற மூன்றாவது முழங்கால் ஒரு ஆசிரியையுடையது. வயது 41, ஸ்கூட்டர் மணலில் வழுக்கி ஏ.சி.எல். அறுந்தது, மெனிஸ்கஸ் தப்பியிருந்தது. நாலு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தார். இரண்டு ஆண்டு கடந்துவிட்டது, மாடிப்படி, ஸ்கூட்டர், வகுப்பறை எல்லாம் நடக்கிறது, ஒருதரமும் வழுக்கவில்லை. சுவீடனில் 121 பேரை வைத்துச் செய்த ஆய்வில், உடனே சத்திர சிகிச்சை செய்தவர்களும், முதலில் பயிற்சி செய்து தேவையென்றால் பிறகு செய்தவர்களும், இரண்டு ஆண்டிலும் ஐந்து ஆண்டிலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பயிற்சிப் பிரிவில் பாதிப்பேர் ஐந்து ஆண்டுக்குள் சத்திர சிகிச்சைக்குப் போனார்கள். மற்றப் பாதிக்குத் தேவைப்படவே இல்லை. 2022இல் பிரித்தானியாவில் 316 பேரில் செய்த ஆய்வோ சத்திர சிகிச்சை மேல் என்றது. இரண்டும் முரண்படுவதுபோல் தெரியும். ஆனால் முதலாவது புதிதாக அடிபட்டவர்களைப் பற்றியது, இரண்டாவது காயம் ஆறியும் முழங்கால் வழுக்கிக்கொண்டே இருந்தவர்களைப் பற்றியது. ஆசிரியை முதலாவதில் சேர்கிறார். தம்பியின் முழங்கால் வழுக்கிவிட்டது, மெனிஸ்கஸும் பூட்டிவிட்டது. தைத்த மெனிஸ்கஸை ஆட்டம் காணும் முழங்காலுக்குள் விட்டால் தையல் நிற்காது. அவருக்குக் காத்திருக்க வழியில்லை.

சத்திர சிகிச்சையும் அதற்குப் பிறகும்

முள்ளந்தண்டில் ஊசி போட்டு, சிறு துளைவழியாகக் கமெரா விட்டுச் செய்தார்கள். மெனிஸ்கஸ் திரும்பத் தன் இடத்துக்கு வந்தது, விளிம்புக்குக் கிட்டக் கிழிந்திருந்ததால் தைக்க முடிந்தது. நார் பயந்தபடியே மெலிவு: நாலு புரியாக மடித்துப் பார்த்தபோது 7.5 மில்லிமீற்றர். ஒரு நாரை மூன்றாக மடித்து மொத்தம் ஐந்து புரியாக்கி 8.5க்குக் கொண்டுவந்தார் நிபுணர். இப்படி ஒரு நிலை வரும் என்று முதலே எதிர்பார்த்து, அதற்கும் ஒரு திட்டத்தோடு போனதுதான் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு என் வேலை. முதல் இரண்டு கிழமையும் ஒரே குறிக்கோள், காலை முழுதாக நிமிர்த்துவது. குதிக்காலுக்குக் கீழே துவாய் சுற்றி வைத்து முழங்காலைத் தொங்கவிடச் சொன்னேன். கவிழ்ந்து படுக்க வைத்து இரண்டு குதிக்காலின் உயரத்தையும் என் விரலால் அளப்பேன். முதல் நாள் மூன்று விரல் வித்தியாசம், பதினாறாம் நாள் அரை விரல். ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீனுக்கு வாங்குகிற ஐஸையே உடைத்துப் பையில் கட்டி வைத்தார்கள்.

பஞ்சம் வந்தது வேறிடத்தில். மெனிஸ்கஸ் தைத்த காலை ஆறு கிழமைக்கு 90 பாகைக்கு மேல் மடித்து ஊன்றக்கூடாது, குந்துவதோ நாலு மாதத்துக்குக் கிட்ட இல்லை. அவருடைய வீட்டில் குந்தியிருக்கும் மலசலகூடம். சோறு சாப்பிடுவது பாயில் சப்பாணி கட்டி. இதை வெளிநாட்டுப் பயிற்சித் தாள்கள் எதிலும் பார்க்க முடியாது. ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வட்டமாக வெட்டி, காலுக்கு ஆணி அடித்த பலகை வைத்து, அண்ணன்தான் கொமட் செய்தார். சத்திர சிகிச்சைக்கு ஒரு கிழமை முன்பே இதை ஆயத்தம் செய்யச் சொல்லுகிறேன் இப்போது, எல்லா வீட்டுக்கும்.

பத்தாவது கிழமை ஒரு பிழை நடந்தது. காலில் நோவில்லை, வீக்கமில்லை, படி ஏறுகிறார். ஆள் ஒருநாள் எனக்குத் தெரியாமல் கடலுக்குப் போய் இயந்திரக் கயிறு இழுத்துவிட்டு வந்தார். அடுத்தநாள் முழங்கால் உப்பியிருந்தது. நான் கோபப்பட்டேன், அதை மறைக்கவில்லை. வைத்த நார் உடனே இணையமாகிவிடாது. முதலில் அதற்குள் இருக்கும் உயிர் செத்து, பிறகு புது இரத்தக்குழாய் வளர்ந்து, மெல்ல மெல்ல இணையத்தின் குணத்துக்கு மாறும். நோயாளிக்கு நல்ல சுகம் தெரிகிற இரண்டாவது, மூன்றாவது மாதம்தான் நார் மிக மெலிந்திருக்கும் காலம். இதை அவருக்கு ஆறாம் கிழமை சொல்லியிருந்தேன். பத்தாம் கிழமை தாயாரையும் இருத்திச் சொன்னேன். "பிள்ளை, இதை முதலே எனக்குச் சொல்லியிருக்கலாமே, நான் படகுத் திறப்பை ஒளிச்சு வைச்சிருப்பன்" என்றார் அம்மா. சரிதான், நோயாளியிடம் மட்டும் சொன்னது என் பிழை. நல்லவேளை, நார் பிடியோடு இருந்தது, வீக்கம் ஒரு கிழமையில் வற்றியது.

ஏழாம் மாதம் ஊர்த் திருவிழாச் சுற்றுப்போட்டி வந்தது. ஒற்றைக்காலால் பாய்கிற தூரத்தை அளந்தேன், நல்ல காலின் 78 சதவீதம். மாட்டேன் என்றேன். சத்திர சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம்வரை, விளையாடப் போவதை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போடும்போது திரும்ப அடிபடுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று நோர்வேயில் செய்த ஆய்வு சொல்லுகிறது. அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கொடி பிடித்தார். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பதினோராம் மாதம் 93 சதவீதம். பன்னிரண்டாம் மாதம் பயிற்சி ஆட்டம், பதின்மூன்றாம் மாதம் முழு ஆட்டம்.

முழந்தாளை அவசரப்படுத்தவில்லை. ஐந்தாம் மாதம் தலையணையில் தொடங்கினோம், பிறகு மடித்த சாரம், பிறகு பனையோலைப் பாய். ஒன்பதாம் மாதம் என்னுடைய அறையின் சீமெந்து நிலத்தில். இரண்டு கையையும் தொடையில் வைத்து மெல்ல இறங்கி, பாரத்தை வலதுபக்கம் சாய்த்துப் பார்த்தார். "இதிலை கொஞ்சம் விறைப்பு, அக்கா. நோ இல்லை" என்று சிரட்டைக்குக் கீழே வெட்டின தழும்பைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு உணர்வில்லாத இடம். நார் எடுக்கும்போது தோலுக்குப் போகிற சிறு நரம்பு அறுவதால் வருவது, பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. பத்து நிமிடம் நின்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது, பதினான்காம் மாதம், லக்மன் சோதனையில் பிடி இருக்கிறது, நல்ல காலைவிடக் கொஞ்சம் மெதுவான பிடி. சிரட்டைக்கு மேல் 15 சென்ரிமீற்றரில் அளந்தால் வலது தொடை இன்னும் ஒரு சென்ரிமீற்றர் மெலிவு, தொடங்கும்போது நாலு. குறை இருப்பது பின்தொடையில். கவிழ்ந்து படுத்துக் குதிக்காலைப் பிட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் கடைசி நாலு விரல் தூரம் வலது கால் நடுங்குகிறது. பந்தில் அது அவருக்குத் தெரியவில்லை, படகில் பின்பக்கமாகக் காலை மடித்து ஏறும்போது தெரிகிறதாம். சிரட்டை நாரை எடுத்திருந்தால் இந்தக் குறை வந்திராது என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். தைத்த மெனிஸ்கஸ் இரண்டு ஆண்டு தாண்டினால்தான் அதைப்பற்றி உறுதியாக எதையும் சொல்வேன்.

கிழமைக்கு மூன்று நாள் வலை காயவைக்கிற மணலில் ஒரு பழைய பாயை விரித்து முழந்தாளில் நிற்கிறார். அவருடைய தம்பி பின்னாலிருந்து இரண்டு கணுக்காலையும் அமர்த்திப் பிடிக்கிறார். உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னுக்குச் சாய்ந்து, பின்தொடையால் பிடித்துப் பிடித்து இறங்கி, கடைசியில் கையை ஊன்றுகிறார். ஒரு தரத்துக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். போன கிழமை எட்டுச் செய்ததாகக் கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தார்.